ஒண்டும் பூசேல்லை

குருநகர்த் துறையிலிருந்து அருளப்பு கொண்டுவந்தது
கடல்நீர்ப் பம்பின் பித்தளை மூடி.
மஞ்சள் போய்விட்டது.
பல் விழுந்த முரசு மாதிரி ஒரு வெளிறிய சிவப்பு.
நகத்தால் கீறினேன், உதிர்ந்தது.
"பாத்தா மூடிதான் தங்கச்சி,
இறுக்கினா மா."

நாகம்தான் முதலில் போகும்.
பாம்பு இல்லை. எங்கள் பள்ளிப் புத்தகத்து நாகம்,
பித்தளையில் மூன்றில் ஒரு பங்கு.
உப்புத்தண்ணீர் தொட்ட நாளிலிருந்து
சத்தமில்லாமல் கழன்று கழன்று போகும்.
செம்பு நிற்கும்,
போனவற்றின் இடத்தை ஓட்டையாகவே வைத்துக்கொண்டு.
வடிவம் மாறாது, அளவு மாறாது,
பலம் மட்டும் இராது.
எங்கள் ஒழுங்கையைச் சொல்லவில்லை.
இரசாயனம் சொல்கிறேன்.

திருநெல்வேலி, வளாகத்தின் பின்னறை.
புதுப் பித்தளையில் ஒன்பது துண்டு,
ஒவ்வொன்றும் முத்திரை அளவு.
அரத்தாளில் தேய்த்து, அமிலத்தில் ஒரு கணம் காட்டி,
எதனோலில் அலசி,
கந்தகத் தலையும் பன்னிரண்டு காபன் வாலும் உள்ள
அந்த நாற்றம்பிடித்த கரைசலில் அமிழ்த்தினேன்.
புகைக்கூண்டு விசிறி மே மாதத்திலிருந்து ஓடவில்லை.
காஸ் ஒழுகுதோ என்று
விலங்கியல்காரர் இரண்டுதரம் வந்து மணந்துவிட்டுப் போனார்கள்.

இரவு யாரும் அவற்றை அடுக்குவதில்லை.
கரண்டும் இல்லை. நான் வீட்டில், நித்திரை.
தலை உலோகத்தைப் பிடிக்கும்,
வால் வெளியே நிற்கும், அவ்வளவுதான் விதி.
மிச்சம் காரைநகர் மினிபஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்.
கம்பியில் ஒரு கை, மற்ற உடம்பெல்லாம் காற்றில்.
முதல் பத்துப் பேர் ஆளுக்கொரு பக்கம் விழுவார்கள்.
"உள்ளுக்கு, உள்ளுக்கு" என்று கொண்டக்டர் நெருக்க நெருக்க
பொன்னாலைப் பாலத்தில் எல்லோரும்
ஒரே பக்கம், ஒரே சரிவு.
பிறகு இடையில் வெயில்கூட நுழையாது.

அருளப்பு சனிக்கிழமை வந்தார்.
யன்னலடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஒண்டும் பூசேல்லையே."
தலைமயிர் ஒன்றை நெடுக்காக
ஐம்பதாயிரமாய்க் கிழித்தால் அதில் ஒன்று, என்றேன்.
என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.
துளிக்குழாயால் ஒரு சொட்டு விட்டேன்.
சொட்டு பரவவில்லை.
உருண்டு, எழும்பி, எங்கே நிற்கிறோம் என்று
தெரியாததுபோல் நின்றது.
"அட!" என்றார். குனிந்து ஊதினார். ஓடியது.

இதைத்தான் தாமரையிலை என்று எழுதியிருந்தேன்.
மேற்பார்வையாளர் சிவப்பால் வெட்டி
தொடுகோணம் நூற்றெட்டுப் பாகை என்று போட்டார்.
நூற்றெட்டு என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம்.

ஜாம் போத்தல்களில் குருநகர்க் கடல்.
ஒன்பதும் உள்ளே.
ஏழாம் நாள் மின்னியது. எட்டாம் நாள் மின்னியது.
பதினோராம் நாள், நாலாம் துண்டின் ஓரத்தில்
இரண்டு பச்சைப் புள்ளி, பக்கத்துப் பக்கத்தில்.
அந்த இடைவெளியை எங்கேயோ கண்ட ஞாபகம்.
மேசையில் கிடந்த இடுக்கியை எடுத்து வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.
கரைசலுக்குள் விழாமல் நான் பிடித்திருந்த இடம்.
அங்கே யாரும் ஏறவில்லை.

மற்றவை நல்லாய்த்தான் இருந்தன.
ஆனால் அருளப்பு நாலாவதைத்தான் கேட்டார்.
"பழுது எங்கை தொடங்கும் எண்டு தெரிஞ்சதுதான் நல்லது.
மற்றதுகளை ஆர் நம்பிறது?"
சட்டைப்பையில் போட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

பத்தாவது துண்டுக்கு ஒரு மூலையில் துளையிட்டேன்.
நைலோன் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
நூல் தொடும் இடத்தைப் பற்றி
இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.